சூரியனுக்கும் வாயுவுக்கும் கூட்டுக் குடித்தனம்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஜனங்கள் மலையேறுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் போனது அந்தக் கோலாகலத்துக்கு அல்ல. ஆடிக் கிருத்திகைக் காவடிகள் எல்லாம் வந்து போய், மலை சற்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். கூட்டம் ஓய்ந்திருந்ததே தவிர, ஆடிக் காற்று ஓயவில்லை. அம்மியை நகர்த்தியதோ இல்லையோ, என் மேல்துண்டை இரண்டு தடவை பறித்துக்கொண்டு போயிற்று.

பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் வழவழவென்ற வர்ணத் தாள் ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை; வீடு அடிவாரத்தில். ஏறி வருகிறவர்களில் தெரிந்த முகங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறதல்லவா? நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் தாளை என்னிடம் நீட்டினார். பத்திரிகைக்காரனுக்குச் சகலமும் தெரியும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் இன்னும் சிலரிடமாவது இருப்பது சந்தோஷமான விஷயம்.

"தம்பி, இதை வாங்கலாமா, கூடாதா? முருகனைக் கேட்கத்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன். நடுவிலே நீங்கள் அகப்பட்டீர்கள்."

தாளில் ஒரு பங்களா. மாடியில் நீல நிறப் பேனல்கள். பக்கத்தில் மூன்று இறக்கையுடன் ஒரு காற்றாடி. "பகலில் சூரியன், இரவில் காற்று! இரண்டு கிலோவாட் சோலார், ஒரு கிலோவாட் காற்றாடி, ஆறு பேட்டரி. ஆயுள் முழுவதும் கரண்ட் கவலை இல்லை!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே சிறிய எழுத்தில் விலை. டீச்சருக்கு ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மிச்சம் இருந்ததில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

"பணம் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய நிலைமை இல்லை" என்றார். "ஆனால் வீட்டில் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். அதன் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் ராத்திரி கரண்ட் போய்விட்டால் மெத்தையும் தொய்ந்துவிடும், ஃபேனும் நின்றுவிடும். அவர்கள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை, தம்பி."

என்னுடன் ஊருக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் மின்சார எஞ்சினீயர். மறுநாள் காலை அவரையும் அழைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்த கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இந்த வர்ணத் தாள் நாளைக்கு உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

நண்பர் மாடிக்குப் போகவில்லை. வானத்தை அண்ணாந்து பார்க்கவும் இல்லை. நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, "என்னென்ன ஓடுகிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர் அடுப்படியைச் சோதிப்பதுபோல் இருந்தது எனக்கு.

டீச்சர் அந்த வர்ணத் தாளின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார். 9 வாட் பல்பு நான்கு, ஐந்து மணி நேரம்: 180. மூன்று பழைய ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், பத்து மணி நேரம்: 2,250. பிரிட்ஜ் நாளைக்கு ஒரு யூனிட், அதாவது 1,000. டி.வி. 320. மிக்ஸி 250. கிரைண்டர் 100. தண்ணீர் மோட்டார் அரை மணிக்கு 500. கூட்டினால் 4,600 வாட் மணி, அதாவது நாளைக்கு 4.6 யூனிட். காற்று மெத்தையின் பம்பு பத்து வாட்டுக்குள்தான், கணக்கிலேயே தட்டுப்படவில்லை.

"மிக்ஸிதான் கரண்ட்டைக் குடிக்கிறது என்று நினைத்து, ஒரு வாரமாக அம்மியில் அரைத்தேனே!" என்றார் டீச்சர்.

சப்தம் போடுவது எல்லாம் சாப்பாட்டு ராமன் அல்ல. மிக்ஸி இருபது நிமிஷம் கத்திவிட்டு ஓய்ந்துவிடுகிறது. தலைக்கு மேலே சாதுவாகச் சுற்றும் ஃபேன்தான் இந்த வீட்டுக் கரண்ட்டில் பாதியைத் தின்கிறது. இப்போது கடைகளில் 'பி.எல்.டி.சி.' என்று புது மாதிரி ஃபேன் கிடைக்கிறது. அதே காற்று, சுமார் 30 வாட். மூன்றையும் மாற்றினால் 2,250 என்பது 900 ஆகிவிடும். 4.6 யூனிட் 3.25 யூனிட்டாக இறங்கிவிடும்.

இதை மீட்டர் பாஷையில் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 276 யூனிட் ஓடிய வீட்டில் 195 ஓடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். பணம் கட்ட வேண்டியது 176 யூனிட்டிலிருந்து 95 ஆகிறது. பேனலும் வாங்கவில்லை, காற்றாடியும் வாங்கவில்லை. அதற்குள் பில்லில் ஏறக்குறையப் பாதி போயிற்று. விற்க வந்தவர் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். ஜவுளிக்கடைக்காரர், "உங்களிடம் இருக்கும் புடவையே போதுமே" என்று சொன்னதுண்டா?

இதற்குப் பிறகுதான் நண்பர் மாடிக்கு ஏறினார்.

சூரியனைப் பற்றித் திருத்தணிக்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் அடித்த ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கும்போது திருத்தணி பெயர் அடிக்கடி வந்துவிடும். "இத்தனை வெயிலுக்குப் பேனல் கொட்டோ கொட்டென்று கொட்டுமே?" என்றார் டீச்சர். அதுதான் இல்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சமே தவிர, சூடு அல்ல. அதன் மேல் எழுதியிருக்கும் சக்தி, அதன் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கத்திரி வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். டிகிரி ஒன்று ஏற ஏற, நூற்றுக்கு அரைக்கால் அரைக்காலாகச் சக்தி குறையாது. அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாக, 0.3 முதல் 0.4 வரை குறையும். நூறு தர வேண்டிய பேனல் உச்சி வெயிலில் எண்பத்தைந்துதான் தரும். தை, மாசியின் இதமான வெயில்தான் அதற்குப் பிடித்தமானது. இந்த விஷயத்தில் பேனலும் நம்மைப் போலத்தான்.

எல்லா நாளையும் கலந்து சராசரி பார்த்தால், நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் சோலார் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். தெற்குப் பார்த்து, இலேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். இதுவரை அந்த 100 சதுர அடியில் டீச்சர் வடாம் பிழிந்து வந்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலில் ஒரு மூலையில் விழுந்தாலும், அதனுடன் வரிசையாகக் கோத்திருக்கும் மற்றவையும் சோர்ந்துவிடும் என்று நண்பர் சொன்னபோது, தொட்டி, கொடிக்கயிறு, வடாம் மூன்றையும் எங்கே மாற்றுவது என்று ஒரு மாநாடே நடந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

இனிமேல் காற்றாடி. தாளில் ஒரு கிலோவாட் என்று போட்டிருந்தது. இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு இரண்டு மீட்டர். நண்பர் ஒரு கணக்குப் போட்டார். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்ததே கணக்குக்குப் பயந்துதான். ஆனால் இந்தக் கணக்கு எனக்கே புரிந்துவிட்டது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், கிடைக்கும் சக்தி இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் சக்தி இருபத்தேழு மடங்கு. கேட்பதற்கு ஆனந்தமாக இருக்கிறது. அதையே திருப்பிப் பாருங்கள்: வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். இந்தக் காற்றாடி ஒரு கிலோவாட் தருவதற்கு, காற்று வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வீச வேண்டும். மணிக்கு 43 கிலோமீட்டர்! அந்தக் காற்றில் டீச்சரின் கொடிக்கயிற்றுப் புடவைகள் பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். சாதாரண நாளில் வினாடிக்கு 3 மீட்டர் வீசினால் கிடைப்பது சுமார் 15 வாட்.

"அதில் என்ன ஓடும்?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒரு பல்பு எரியும். புது ஃபேன் என்றால் பாதி ஓடும்" என்றார் நண்பர்.

இது காற்றாடி செய்கிறவரின் குற்றமல்ல. வீசுகிற காற்றின் சக்தியில் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்த இறக்கையாலும் பிடிக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் சுமார் நூறு வருஷங்களுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். சிறிய காற்றாடிகள் பிடிப்பது அதிலும் பாதிதான். மொட்டை மாடியில் இன்னொரு சங்கடம். கைப்பிடிச் சுவர், பக்கத்து வீடு, தென்னை மரம் எல்லாவற்றிலும் முட்டி மோதிக்கொண்டு வருகிற காற்று, நேராக வராமல் சுழன்று சுழன்று வரும். காற்றாலைகளை வானளாவ உயர்த்துவது அழகுக்காக அல்ல. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் வெளியிடுகிற காற்று வரைபடங்கள் 100 மீட்டர், 120 மீட்டர் உயரத்துக் காற்றைச் சொல்பவை. நம் மாடி பத்து மீட்டர்கூட இராது.

அப்படியானால் சூரியனையும் வாயுவையும் ஒன்றாகக் குடித்தனம் வைப்பதே தப்பா? இல்லவே இல்லை. இடம் பார்த்து வைக்க வேண்டும். ஒருவர் கை ஓயும்போது மற்றவர் கை கொடுத்தால்தான் கூட்டுக் குடித்தனம். இருவரும் ஒரே மாதத்தில் படுத்துக்கொண்டால் அது குடித்தனமா?

நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு என்று மேற்கு மலைத் தொடரில் மூன்று கணவாய்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக் காற்று அவற்றின் வழியே புகுந்து வரும். அந்தக் காலத்தில் ஒரே நாளில் பத்துக் கோடி யூனிட்டுக்கு மேல் காற்றாலைகள் தந்ததுண்டு. மேற்கே மேகம் மூடி வெயில் மங்குகிற அதே சமயத்தில் காற்று அள்ளிக் கொடுக்கிறது. வெயில் மிகுந்த மாசி, பங்குனியில் காற்று படுத்திருக்கும். இராமநாதபுரத்துக் கமுதியில் இருக்கும் சோலார் நிலையத்துக்கு அது அறுவடைக் காலம். மாநிலம் முழுவதையும் ஒரு வீடாகப் பார்த்தால் இது பொருத்தமான ஜோடிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வந்தால் தெற்கே கணவாய்க் காற்றும் தளர்ந்துவிடும். இங்கே வடகிழக்குப் பருவ மேகமும் கவிந்துவிடும். கணவாய்க்கு வெகு தூரத்தில் இருக்கும் திருத்தணி வீட்டுக்கு, வெயில் ஏமாற்றுகிற அந்த மாதங்களில் மாடிக் காற்றாடியை நம்ப முடியாது.

நண்பர் மலைப் படியை வைத்தே இதை விளக்கினார். "365 படி என்றீர்களே, டீச்சர். ஒவ்வொரு படியையும் ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரிப் படி உயரம் முக்கால் அடி என்று தெரிந்து என்ன லாபம்? எந்தப் படி செங்குத்தாக இருக்கிறதோ, அங்கேதான் முழங்கால் பிடிக்கும். எங்கள் வேலையும் அதுதான். வருஷத்தில் 8,760 மணி. ஒவ்வொரு மணிக்கும் வெயில் எவ்வளவு, காற்று எவ்வளவு, வீட்டுத் தேவை எவ்வளவு என்று ஓட்டிப் பார்ப்போம். இத்தனை பேனல், இத்தனை காற்றாடி, இத்தனை பேட்டரி என்று மாற்றி மாற்றி வைத்து, எந்தச் சேர்க்கையில் செலவு குறைவு என்று தேடுவோம்."

இந்த ஓட்டிப் பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுக்கூடத்தில் 1990-களில் இதற்கென்றே 'ஹோமர்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். கிரேக்க மகாகவி பெயரில் கணக்குப்பிள்ளை!

பெரிய அளவில் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் 2022-ஆம் வருஷம் மே மாதம் அதானி கம்பெனியார் 390 மெகாவாட் கூட்டு நிலையம் ஒன்றை ஓட்டத் தொடங்கினார்கள். அங்கே சோலார் 360, காற்றாலை 100. கூட்டினால் 460 வருகிறதே, 390 என்பானேன்? அங்கேதான் சூட்சுமம். நடு மத்தியானத்தில் சூரியன் முழுப் பலத்தோடு நிற்கும் அதே நேரத்தில் காற்றும் முழுப் பலத்தோடு வீசுவது அபூர்வம். ஆகவே 390-க்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதற்கு மேல் 70 மெகாவாட் கருவிகளைக் கூடுதலாக வைத்தார்கள். வெயில் சாய்ந்த பிறகும் காற்று வருகிறபோது அந்தக் கம்பி வெறுமனே கிடக்காது. 2018-இல் வந்த மத்திய சர்க்கார் கொள்கைப்படி, ஒன்றின் சக்தி மற்றதன் சக்தியில் நூற்றுக்கு 25 பங்காவது இருந்தால்தான் அதற்குக் கூட்டு நிலையம் என்றே பெயர். பெயருக்கு ஒரு காற்றாடியை நட்டுவைத்து 'ஹைபிரிட்' என்று சொல்லிக்கொள்ள அங்கே முடியாது. மொட்டை மாடிக்கு அப்படிக் கட்டுப்பாடு ஏதும் இல்லை.

பக்கத்து மலையையும் பாருங்கள். திருமலையில் 2002-இல் 106 குழிவான கண்ணாடித் தட்டுகளை வைத்து, சூரியச் சூட்டில் நீராவி உண்டாக்கிப் பல ஆயிரம் பேருக்குச் சமைக்க ஏற்பாடு செய்தார்கள். சாப்பாடு பகலில் வேண்டும், சூரியனும் பகலில் வருகிறார். பேட்டரிக்கு வேலையே இல்லை. அதே மலையில் காற்றாலைகளும் உண்டு. அவை காற்று நன்றாக அடிக்கும் உச்சியில் தனியாக நிற்கின்றன. சமையலறைக் கூரையில் அல்ல.

பேட்டரி என்றேன். மூன்றாவது கூட்டாளி அதுதான்; தின்பதும் அதுதான் ஜாஸ்தி. பழைய ஃபேன்களோடு டீச்சர் வீட்டுக்கு ஓர் இரவுக்கு 3.25 யூனிட் வேண்டும். புது ஃபேனாக இருந்தால் 1.9. சாதாரண ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறைந்துவிடும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணிப் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.8 யூனிட், எடுக்கலாம் என்பது 0.9. பழைய ஃபேனுக்கு நான்கு பேட்டரி, புது ஃபேனுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். இதோடு போகட்டும் என்றால், மூன்று நாள் மழை மூட்டத்தையும் சமாளிக்க வேண்டும் என்று ஆசை வரும். உடனே பேட்டரி பல மடங்காகும். வருஷத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது சுமார் 88 மணி நேரம் சிக்கனமாக இருக்கச் சம்மதித்தால் செலவு சட்டென்று இறங்கும். அந்தக் கடைசி 88 மணியை வாங்கத்தான் கொள்ளைப் பணம். தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளை உத்தேசித்துத் தினமும் ஐம்பது பேருக்கு உலை வைப்பார்களா யாராவது?

"சரி, இதில் நிற்கவே கூடாதது எது?" என்று கேட்டார் நண்பர்.

டீச்சர் பேனாவை வைத்துவிட்டு உள் அறைப் பக்கம் பார்த்தார். அங்கே கட்டிலில் பெரியம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். மெத்தைப் பம்பின் சன்னமான ஓசை மட்டும் கேட்டது.

"அந்தப் பம்பு. அந்த அறை ஃபேன். ஒரு விளக்கு."

பத்தும் முப்பதும் ஒன்பதும் 49 வாட். எட்டு மணி நேரத்துக்கு 400 வாட் மணிக்கும் குறைவு. ஒரே ஒரு பேட்டரி இரண்டு இரவு தாங்கும்! அதைக் கரண்ட் இருக்கும்போது சாதாரண இன்வர்ட்டரே நிரப்பிவிடும். ஆறு பேட்டரி, இரண்டு கிலோவாட், காற்றாடி என்று பங்களாப் படத்தில் தொடங்கிய விஷயம் இந்த மூன்று சாமான்களுக்கு வந்து நின்றது. டீச்சர் சிரித்தாரா, கண்ணைத் துடைத்தாரா என்று நான் கவனிக்கவில்லை. கணக்கைத் திரும்பச் சரி பார்க்கிற பாவனையில் குனிந்துகொண்டார்.

சோலார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. புது ஃபேன்கள் வந்தபின் இந்த வீட்டுக்கு ஒரு கிலோவாட் போதும்: இரண்டு மாதத்துக்கு 240 யூனிட், தேவை 195. மிச்சத்தை மின்வாரியக் கம்பியில் விட்டு, குறையும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி மேகத்துக்கு அந்தக் கம்பிதான் பேட்டரி. 2024-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் 'சூர்ய கர்' திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் என்று வகுத்தார்கள். மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000. காற்றாடிக்கு அதில் இடமில்லை. ஆனால் முதல் 100 யூனிட் இலவசமாகவும், அடுத்த படி மலிவாகவும் இருக்கும் சிறு வீட்டில், போட்ட பணம் திரும்பி வர நாளாகும். ஏ.ஸி. ஓடி, பில் உச்சிப் படிக்குப் போகிற வீட்டாருக்குத்தான் அவசரம்.

ஒரு விஷயத்தை மட்டும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், நடுப்பகலாக இருந்தாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயமான ஏற்பாடுதான். "பேனல் போட்டோமே, ஃபேன் ஏன் சுற்றவில்லை?" என்று பிறகு வருந்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள். பில் குறைய வேண்டுமா, இருட்டு வராமல் இருக்க வேண்டுமா என்று முதலில் உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு சாமான்.

டீச்சர் மூன்று ஃபேனும், ஒரு பேட்டரியும், ஓர் இன்வர்ட்டரும் முதலில் வாங்குவதென்றும், பேனலை அடுத்த மாசி மாதம் யோசிப்பதென்றும் தீர்மானித்தார். கணக்கை ஒரு நோட்டில் பெயர்த்து எழுதியானதும், வர்ணத் தாளைப் பேரன் கேட்டு வாங்கிக்கொண்டான். நான்காகக் கத்தரித்து, நடுவில் குண்டூசி செருகி, துடைப்பக்குச்சியில் ஒரு காற்றாடி செய்துவிட்டான். மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலை நேரம், நேற்று மாலை என் துண்டைப் பறித்த காற்று எங்கே போயிற்றோ தெரியவில்லை. காற்றாடி அரை வட்டம் திரும்பி நின்றது. பையன் கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்தான். பிறகு மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட ஆரம்பித்தான். காற்றாடி விர்ரென்று சுற்றிற்று.

"மெதுவாடா, வடாம்!" என்று கீழேயிருந்து டீச்சர் கத்தினார்.